பரிசத் தட்டோடு நான் கொடுத்த வாக்கு

என் மகளுக்கு, லகாட் வீட்டிலிருந்து அம்மா எழுதுவது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உனக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயத்தை இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். உன் பரிசத்தன்று, நீ அறைக்குள் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது, கல்யாணத்துக்குப் பிறகு நீ மேடையில் நகைச்சுவை செய்யமாட்டாய் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எப்படி நடந்தது, அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். பாதியில் எனக்கு ஃபோன் செய்யாதே. ஃபோனில் பேசினால் நீ ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். இருபத்தொன்பது வருடமாக நம் வீட்டில் இதுதானே நடக்கிறது.

இந்தக் கடிதத்தை ஞாயிறு மலருக்கும் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். நாற்பது பேர் இருந்த வீட்டில் உரக்கச் சொன்ன வார்த்தையை உன் காதில் மட்டும் மெதுவாகச் சொல்லித் திருப்பிக்கொள்வது நியாயமாகப் படவில்லை. ஆனால் நீ படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புவேன். யார் பெயரையும் எழுதவில்லை.

அன்று நடந்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டார் கமுந்திங்கிலிருந்து இரண்டு வேனில் வந்து, பதினொரு தட்டுகளை நம் கூடத்தில் வரிசையாக வைத்தார்கள். சேலைத் தட்டை உன் கையில் கொடுத்தார்கள். நீ அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாய். அவர்கள் கொண்டுவந்த சேலையைக் கட்டிக்கொண்டு பெண் வெளியே வரும்வரை பெரியவர்கள் பேச வேண்டியதைப் பேசி முடிக்க வேண்டும் என்பதுதானே வழக்கம். மாப்பிள்ளை வெளியே கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பா இல்லாததால் பெரியப்பாதான் முன்னால் உட்கார்ந்து பேசினார். வெற்றிலை, பழம், தேங்காய் வைத்த தட்டு என் இரண்டு கையிலும் இருந்தது. அதைக் கொடுத்து அவர்கள் தட்டை வாங்கிக்கொண்டால் பரிசம் முடிந்தது. அப்போதுதான் அவர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஒன்னு கேட்டுக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு கார்ட்டூனுக்குக் கொரல் குடுக்குறது எங்களுக்கு ரொம்பச் சந்தோசம். என் பேரப் பிள்ளைங்க அதப் பாக்காம சோறு திங்காதுங்க. ஆனா இந்த மேடை இருக்கே, மைக்கப் புடிச்சுக்கிட்டு நின்னு ஜோக்கு சொல்றது, அது கல்யாணத்துக்கு அப்புறம் வேணாம்லா. நாலு பேரு நாலு விதமா பேசுவான். கொரலு பரவால்ல. கொரல யாரும் பாக்கப் போறதில்ல."

கூடத்தில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தட்டு கனத்தது. பெண்ணை வரச் சொல்கிறேன், அவளையே கேளுங்கள் என்று சொல்ல எனக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும். நான் சொன்னது வேறு.

"அதெல்லாம் விட்டுருவாண்ணே. கார்ட்டூன் மட்டும் பேசட்டும்."

"அப்ப தட்ட மாத்திக்கலாம்," என்றார் அவர். மாற்றிக்கொண்டோம். நீ மாம்பழ நிறச் சேலையில் வெளியே வந்தாய். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உன்னிடமிருந்து எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அன்று நான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு வேலையில் ஒன்றை விட்டு ஒன்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று கணக்குப் போட்டேன்.

நான் காப்பாற்றிய வேலை எனக்குத் தெரிந்த வேலை. அதுதான் காரணம். நான்கு வருடத்துக்கு முன்னால், பள்ளி விடுமுறையில், கோலாலம்பூரில் நீ குரல் கொடுக்கும் ஸ்டூடியோவுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாய், நினைவிருக்கிறதா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார வைத்தார்கள். நீ காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனாய். திரையில் ஓடிய கார்ட்டூனில் வரும் புட்டு என்கிற எட்டு வயதுப் பையன் காட்டுக்குள் ஓடினான். நீயும் நின்ற இடத்திலேயே வெறுங்காலோடு ஓடினாய், மூச்சு வாங்குவது உண்மையாக இருக்க வேண்டும் என்று. அவன் பழம் கடித்தபோது உன் புறங்கையை வாயில் வைத்துச் சப்பினாய். அவன் வாயை மூடும்போது உன் வாக்கியம் முடியவில்லை என்றால், அங்கேயே ஒரு சொல்லை எடுத்துவிட்டு, வேறு சொல்லைப் போட்டு, சரியாக அவன் உதடு மூடும் இடத்தில் நிறுத்தினாய். முப்பது வருடமாகப் பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறவள் நான். அத்தனை வேகமாக யாரும் வாக்கியம் திருத்தி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவன் அழ வேண்டிய காட்சி வந்தது. எதற்கும் பயப்படாதவன் போல நடிக்கிற பையன், யாரும் பார்க்காதபோது அழுகிறான். நீ ஏழு முறை அழுதாய். ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில், "இன்னும் கொஞ்சம் கம்மியா அழு," என்றார்கள். ஏழாவது முறை நீ அழவே இல்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாய். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் நீ மைக்கில், "அண்ணே, ரொட்டி சானாய் வந்துருச்சா? குழம்பு தனியாத்தான் கட்டச் சொன்னேன்," என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். அன்றிலிருந்து நான் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன், புட்டு என் மகள் என்று. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நூலகத்துக்கு வந்து, "டீச்சர், புட்டு உங்க வீட்லயா தூங்குறான்?" என்று கேட்கும்போது எனக்கு எத்தனை பெருமை.

மேடையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு வருடத்தில் ஒரு முறைகூட வந்து பார்த்ததும் இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் ஒரு காரணம் இருந்தது. புத்தகம் சரிபார்க்கும் மாதம், சளி, யாரோ வீட்டுக் காதுகுத்து. உண்மைக் காரணம், அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருந்து, நீ சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்களோ என்ற பயம். நீ என்ன சொல்வாய் என்றே தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன்.

இந்தப் பயம் பழையது. நான்காம் ஆண்டில் நீ கதை சொல்லும் போட்டிக்குப் போனாயே, அன்றே இருந்தது. உழைப்பின் உயர்வைப் பற்றி ஒரு குரங்கும் அணிலும் பேசிக்கொள்வதாக நான்தான் கதை எழுதித் தந்தேன். மூன்று இரவு உட்கார்ந்து எழுதினேன், நல்ல நல்ல சொல்லாகப் பொறுக்கிப் போட்டேன். நீ மேடையில் ஏறி முதல் பத்தியை ஒழுங்காகச் சொன்னாய். அதற்குப் பிறகு குரங்கு வாயைத் திறந்தது. "யாருலா அங்க இடிக்கிறது, வரிசையில நில்லு. மீ வேணுமா சோறு வேணுமா, சீக்கிரம் சொல்லு, மணி அடிக்கப் போவுது." அது அப்படியே உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அக்காவின் குரல். மண்டபமே குலுங்கியது. பின்னால் நின்ற அந்த அக்கா சிரிப்பைத் தாங்க முடியாமல் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிக் கொடுத்ததை ஒட்டிச் சொல்லவில்லை என்று உனக்குப் பரிசு தரவில்லை.

காரில் வீடு திரும்பும்போது நீதான் முதலில் பேசினாய். "அம்மா, எல்லாரும் சிரிச்சாங்களே, பாக்கலயா?"

"சிரிக்கிறதுக்கு நான் எழுதித் தரல," என்றேன்.

அதன் பிறகு லகாட் வரும்வரை நீ வாயைத் திறக்கவில்லை. உனக்குப் பத்து வயது. பேசிக்கொண்டே இருக்கிற பிள்ளை ஒருத்தியை நான் ஒரே வாக்கியத்தில் வாயடைக்க வைத்தேன். நான் செய்த தவறுகளில் இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் நீ மறந்துவிட்டேன் என்பாய். நீ மறந்திருக்கமாட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

பரிசம் முடிந்த அடுத்த வாரம் அப்பா பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரிசத்தில் நடந்ததைப் பற்றி அதுவரை அவர் எதுவும் பேசவில்லை. அவர் குணம் உனக்குத் தெரியும். சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ அவ ஷோவ எத்தன தரம் பாத்திருக்க?"

"நான் எங்க பாத்தேன்?"

"நான் பதினாறு தரம் பாத்துருக்கேன். அவள ஏத்திக்கிட்டுப் போயி, பாத்துட்டு, ஏத்திக்கிட்டு வாரேன். நீ ஒரு தரமும் பாக்கல. பாக்காத சாமான எப்படி எடுத்துக் குடுத்த?"

"அப்ப அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாம்ல."

"தட்டு ஒங்கையில இருந்துச்சு," என்றார். "நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீ குடுத்துட்ட."

அதனால்தான் போன மாதம் ஈப்போவில், அந்தக் காப்பிக் கடைக்கு மேல்மாடியில், உன் நிகழ்ச்சிக்கு வந்தேன். அப்பா வருவது உனக்குத் தெரியும். அன்று நீ தோழிகளின் காரில் வந்து போனதால் நான் வந்தது தெரியாது. தூணுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கம் விடவில்லை, நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டு வந்திருந்தேன். நீ எந்த இடத்தில் எத்தனை நேரம் பேசாமல் நிற்கிறாய் என்பதைக்கூட முதலில் எழுதினேன். நீ ஒன்றைச் சொல்லிவிட்டு, சிரிப்பு வரும் வரை காத்திருக்கிறாய். வந்த சிரிப்பு அடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்ததை ஆரம்பிக்கிறாய். அந்த அளவு உனக்கு எங்கே கிடைத்தது என்று யோசித்தேன். கார்ட்டூன் பையனின் உதடு மூடும் இடத்தில் நிறுத்துகிறவள் எப்படிக் கற்றாள் என்பது அப்போதுதான் புரிந்தது. இங்கே, முன்னால் உட்கார்ந்திருக்கிற அறுபது பேரின் மூச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றிருக்கிறாய். இரண்டு வேலை, ஒன்றை விட்டு ஒன்றைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேனே, அது ஒரே வேலை. ஒரு கையை விட்டுவிட்டு இன்னொரு கையை வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

பிறகு நீ தாத்தாவைப் பற்றிச் சொன்னாய். என் அப்பாவைப் பற்றி.

"எங்க தாத்தா தோட்டத்த விட்டு ஃப்ளாட்டுக்கு வந்து பதினஞ்சு வருசம். ஆனா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, சட்டையப் போட்டுக்கிட்டு, லிஃப்டு முன்னால போயி நிப்பாரு. என்னா தாத்தான்னா, பெரட்டுக்கு நிக்கிறேன்லாங்கிறாரு. பேரு கூப்புடணும்ல. ஒரு வாரம் பாத்தாங்க பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி. அவங்களும் வந்து பின்னால நின்னுட்டாங்க. அங்கிள், இங்க என்னா ஃப்ரீயா குடுக்குறாங்க?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நீ காத்திருந்தாய்.

"அந்த லிஃப்டு நாலு மாசமா ரிப்பேரு. நான் சொன்னேன், தாத்தா, இது தொறக்காது. அதுக்கு அவரு சொல்றாரு, பரவால்லமா, மண்டோரு எப்பயும் லேட்டாத்தான் வருவாரு."

சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றது. பக்கத்து அம்மாள் கைக்குட்டையைத் தேடினார். ரப்பர் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு, மண்டோர் என்கிற கங்காணி பேர் கூப்பிடும்வரை வரிசையில் நின்று பழகிய என் அப்பா, சிம்பாங் பூலாய் ஃப்ளாட்டிலும் அப்படி நின்றது உண்மை. நான் அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் சொல்லாதே என்று உன்னிடமும் சொன்னேன். புத்தி பிசகிவிட்டது என்று ஊர் பேசுமே என்று பயம். நீ அவரை அறுபது பேர் முன்னால் நிற்க வைத்தாய், ஒருவர்கூட அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரோடு வரிசையில் நின்று சிரித்தார்கள். நான் அவரை மறைத்து வைத்தேன், நீ அவருக்குப் பின்னால் ஆள் சேர்த்தாய்.

கடைசியில் என்னைப் பற்றியும் சொன்னாய்.

"எங்கம்மாவுக்கு லைப்ரரியில வேலை. வீட்டுலயும் அதே ரூல்ஸ்தான். எங்கப்பா தூக்கத்துல கொறட்டை விட்டாக்கூட எழுப்பி, உஷ். நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன்னு எல்லாரும் கேக்குறாங்க. சத்தமாச் சிரிச்சா யாரும் ஒன்னும் சொல்லாத எடம் ஒன்னு வேணும்னு வந்தேன்லா, வேற ஒன்னுமில்ல."

அறையே சிரித்தது. அப்பா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். நான் அந்தக் காரில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வாயை மூடிய பிள்ளை, வாயைத் திறக்க ஓர் இடம் தேடிக்கொண்டே போய், கடைசியில் தனக்கென்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த இடத்தைத்தான் நான் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்திருக்கிறேன். நீ விளக்கு அணையும்வரை நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னாயாம். நான் அதற்கு முன்பே இறங்கி வந்து வேனில் உட்கார்ந்து அழுதேன். புட்டு அழுத மாதிரி இல்லை, சத்தமாகத்தான் அழுதேன்.

போன சனிக்கிழமை காலையில் கமுந்திங் போனோம். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனோம், பெரியப்பாவும் வந்திருந்தார். உன் மாமியாராகப் போகிறவர் மாவு வடை சுட்டு வைத்திருந்தார். கல்யாண வேலையைப் பேச வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். வடையை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் குடுத்த வாக்கத் திருப்பி எடுத்துக்கிறேன். அது என்னோடது இல்ல. அவ மேடைக்குப் போறதும் போகாததும் அவ பாடு."

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். "என்னா மச்சான் இது? தட்டு மாத்துன வார்த்தைய யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?"

"அவதான் குடுத்தா, அவதான் கேக்குறா," என்றார் அப்பா. "எங்கிட்ட கேக்காதீங்க."

"நாளைக்கு எங்க ஆளுங்க கேட்டா நான் என்னான்னு சொல்றது? பொண்ணு வீட்டுக்காரங்க பேச்ச மாத்திட்டாங்கன்னா?"

"அப்படியே சொல்லுங்கண்ணே," என்றேன். "பொண்ணோட அம்மா தப்பாச் சொல்லிட்டா, திருத்திக்கிட்டான்னு சொல்லுங்க."

"அப்ப கல்யாணம்?"

"அது பிள்ளைங்க ரெண்டு பேரும் பேசுறது. நான் இனிமே அவளுக்காக எதுவும் சொல்றதா இல்ல."

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. இன்றுவரை அவரிடமிருந்து ஃபோன் வரவில்லை. வராமலும் போகலாம். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. இதனால் ஏதாவது கோணலாகிப் போனால் அதற்குப் பொறுப்பு நான், நீ இல்லை.

உன் மாமியார் தேநீர் ஊற்றினார். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது என்றார். தெரிந்தால் சண்டைக்கு வருவானாம், அவன் உன்னை முதலில் பார்த்ததே மேடையில்தானாம். எனக்கு அதுவும் தெரியாது. நீ என்னிடம் சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும், அதனால் கோபமில்லை. உன் மாமியார் கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தவர், இயந்திரச் சத்தத்தில் பேசிப் பேசிக் குரல் கட்டையாக இருக்கிறது. கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, நேராகக் கேட்டார்.

"அக்கா, அவ மேடையில எங்களப் பத்தியும் பேசுவாளா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. பழைய வாய்.

"பேசுவா," என்றேன். "பெத்தவள என்னையே விடல."

அவர், "பேசட்டும். நான் குண்டா இருக்கேன்னு மட்டும் சொல்லக் கூடாது. அத மட்டும் நீங்க எனக்கு வாக்குக் குடுங்க," என்றார். உதடு சிரித்தது, ஆனால் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையாகத்தான் கேட்டார்.

"அதுக்குக்கூட என்னால வாக்குக் குடுக்க முடியாதுங்க," என்றேன். "நீங்களே அவளுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க."

உன் எண்ணை அவர் ஃபோனில் நானே பதிந்து கொடுத்தேன். கூப்பிடுவார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன்.

அம்மா